துடக்கு வீட்டுக்கு வந்த அழைப்பு

மகன்,

போன கிழமை நீ கொழும்பிலிருந்து எடுத்தபோது நான் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். கோபத்தில் வைத்தேன் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை. வாய் வரவில்லை, அவ்வளவுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை சொறிக்கல்முனைக் கோயிலில் உன் மகளுக்கு ஞானஸ்நானம்; அப்பா இந்த முறையாவது வாசலில் நிற்காமல் உள்ளே வர வேண்டும் என்று கேட்டாய். நான் வழக்கம்போல "பாப்பம்" என்றேன். அதற்கு நீ சொன்னது இன்னும் காதுக்குள் நிற்கிறது. "அப்பா, இதுதான் கடைசி. இனி நான் உங்களக் கூப்பிட மாட்டன்." நீ என்ன நினைத்துச் சொன்னாயோ தெரியாது, அந்தச் சொல் என்னைப் பிடித்து உலுக்கிவிட்டது. ஏன் உலுக்கியது என்று உனக்கு விளங்க வேண்டுமானால் நான் நிறையச் சொல்ல வேண்டும். நேரில் சொல்ல எனக்கு வராது. நீயும் பாதியில் எழும்பிப் போய்விடுவாய். அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அச்சிலே போடக் கொடுக்கப் போகிறேன். உன் அம்மா அறிந்தால் திட்டுவாள், திட்டட்டும். கல்முனைக்குடியிலிருந்து நம் பாண்டிருப்பு வரைக்கும் இந்தக் கரையில் என்னைப் போல வாசலில் நிற்கிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களும் வாசிக்கட்டும்.

உன் அம்மா சொறிக்கல்முனைக் கத்தோலிக்க வேதக்காரப் பெண். நான் பாண்டிருப்புச் சைவக்காரன். படகு இஞ்சின் திருத்துகிறவன். கலியாணத்துக்கு முன்பே பேசி முடித்துவிட்டோம். பிள்ளைகள் அவளுடைய வேதத்தில் வளரும், நான் குறுக்கே நிற்க மாட்டேன், என்னையும் யாரும் இழுக்கக்கூடாது. அந்தப் பேச்சை உன் அம்மா காப்பாற்றினாள். காப்பாற்றாதவள் உன் தங்கச்சி ஒருத்திதான். ஞாயிறு காலையில் உங்கள் மூன்று பேரையும் மோட்டார் சைக்கிளில் அடைத்துக்கொண்டு கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து போய்க் கோயிலில் இறக்கிவிடுவேன். மாரி காலத்தில் அந்தத் தாழ்ந்த பாலத்துக்கு மேலால் தண்ணீர் ஓடும். நீங்கள் கத்துவீர்கள், அவள் மட்டும் சிரிப்பாள். நீங்கள் உள்ளே போன பிறகு நான் வேப்பமரத்துக்குக் கீழே வண்டியில் சாய்ந்துகொண்டு பேப்பர் வாசிப்பேன். பூசையில் சனம் நற்கருணை வாங்க எழும்புகிற நேரம் பார்த்து அவள் வெளியே ஓடி வருவாள். வந்து என் சட்டையைப் பிடித்து இழுப்பாள்.

"அப்பா, உள்ள வாங்க. எல்லாரையும் வரச் சொல்லுறாங்க. நீங்க மட்டும்தான் வெளிய."

"எனக்கு அங்க என்ன வேல, பிள்ள? நீ போ."

"சாப்பாடு குடுக்குறாங்கப்பா."

"எனக்குப் பசிக்கல்ல."

அவளுக்கே அது கொடுக்கிற வயது இன்னும் வரவில்லை. தனக்குக் கிடைக்காத பந்திக்கு என்னைக் கூப்பிட வருவாள். அடுத்த கிழமை வாறன் என்று நான் சொல்வேன். அவள் அதை நம்பிக்கொண்டு உள்ளே ஓடிவிடுவாள். அடுத்த கிழமையும் வருவாள். போன கிழமை ஏன் வரவில்லை என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கு வெட்கமாவது வந்திருக்கும்.

கடல் ஊருக்குள் ஏறி வந்த நாளை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனால் உன்னிடம் ஒரு பாதிதான் இருக்கிறது. யேசு பிறந்த நத்தார் பூசைக்குச் சொறிக்கல்முனைக்குப் போனோம். உன் அம்மம்மாவுக்குச் சுகமில்லை என்று நீயும் அம்மாவும் அங்கே நின்றுவிட்டீர்கள். தங்கச்சி மட்டும் என்னோடு திரும்பி வந்தாள். புதுச் சட்டையைத் தன் கூட்டாளிப் பிள்ளைக்குக் காட்ட வேண்டும் என்று ஒரே பிடி. அடுத்த நாள் காலையில் நான் முற்றத்தில் ஒரு இஞ்சினைக் கழற்றி வைத்திருந்தேன். கை முழுக்க எண்ணெய். கடற்கரைப் பக்கத்து வீட்டுக்கு அவள் போகும்போது என்னைத் தொடாமல், சட்டையில் எண்ணெய் படக்கூடாது என்று தள்ளி நின்றுதான் சொல்லிவிட்டுப் போனாள். பிறகு வந்த சத்தத்தையும் தண்ணீரையும் நான் எழுதப் போவதில்லை. தென்னையைப் பிடித்துக்கொண்டு கிடந்த நான் கீழே இறங்கியபோது அந்தப் பக்கம் வீடே இல்லை.

எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை பள்ளிக்கூடம் என்று தேடினோம். கண்டெடுத்தவர்களைச் சேர்த்துப் புதைத்த இடங்களிலும் போய் நின்றோம். புதுச் சட்டை போட்ட எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்தேன். ஒன்றும் அவள் இல்லை. இரண்டு மாதம் போனதும் உன் பெரியப்பா வந்தார். உடம்பு கிடைக்காவிட்டால் தர்ப்பையில் உருவம் செய்து வைத்துக் கடமை முடிக்கலாம், இல்லாவிட்டால் பிள்ளை அலையும் என்றார். நான் அவரைப் படலைக்கு வெளியே தள்ளினேன். பிறகு உன் அம்மா, கோயிலில் ஒரு பூசையாவது ஒப்புக்கொடுப்போம் என்று அழுதாள். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு எதற்குப் பூசை என்று கத்தினேன். உனக்கு அப்போது விளங்குகிற வயதுதான். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். அன்றைக்குப் பிறகு அவளுடைய பெயரை இந்த வீட்டில் யாரும் வாயில் எடுக்கவில்லை.

இனி ஒரு பைத்தியக்காரத்தனத்தைச் சொல்கிறேன், சிரிக்காதே. சாவு விழுந்த வீட்டுக்குத் துடக்கு என்கிற தீட்டு உண்டு என்று உனக்குத் தெரியும். முப்பத்தோராம் நாள் கடமை முடிந்தால்தான் துடக்குக் கழியும். அதுவரை கோயில் வாசல் மிதிக்கக்கூடாது. நல்ல காரியத்துக்குப் போகக்கூடாது. அழைப்புச் சொல்ல வருகிறவர்களும் வீட்டுக்குள் வந்து இருந்து வாய் நனைக்க மாட்டார்கள், கேற்றடியில் நின்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போவார்கள். நம் வீட்டில் கடமையே நடக்கவில்லை. அப்படியென்றால் துடக்கு எப்படிக் கழியும்? அவள் சாகவில்லை என்று ஊரோடு சண்டை பிடித்தவன், சாவுத் துடக்கை மட்டும் இருபது வருடத்துக்கு மேலாகத் தோளில் சுமந்துகொண்டு திரிந்தேன். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இளந்தாரி வயதில் விரதமிருந்து தீ மிதித்த அம்மன் கோயிலைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன். சனம் நான் சாமியோடு கோபம் என்று நினைத்தது. உன் அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். கோபம் இல்லை மகன், மரியாதை. துடக்குக்காரன் தள்ளி நிற்க வேண்டும். உன் கலியாணத்துக்கும் அதனால்தான் வேப்பமரத்தடியில் நின்றேன். படத்தில் உன் பக்கத்தில் உன் மாமா நிற்கிறார். அந்தப் படத்தை நம் வீட்டுச் சுவரில் மாட்ட வேண்டாம் என்று நான் சொன்னது உனக்குக் குத்தியிருக்கும். எனக்கும் குத்தியது.

இதுவரை சொன்னது நான் எனக்கே சொல்லிக்கொண்ட காரணம். அதற்குக் கீழே இன்னொன்று கிடக்கிறது. அதை உன் அம்மாவுக்குக்கூட இந்தக் கிழமைதான் சொன்னேன். கடல் வந்த பிறகும் நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உன் அம்மாவைக் கோயிலுக்கு ஏற்றிப் போனது ஏன் என்று யோசித்திருக்கிறாயா? உள்ளே போகாதவனுக்கு அங்கே என்ன வேலை? மரத்துக்குக் கீழே நிற்கும்போது, நற்கருணைக்கு மணி அடித்து, சனம் எழும்புகிற அரவம் கேட்டதும் எனக்குப் பின்னால் உன் தங்கச்சி வருவாள். பார்க்க ஏலாது. கால் சத்தம் கேட்கும், சட்டை இழுபடும். "அப்பா, உள்ள வாங்க." அதே குரல், வயது ஏறவில்லை. முதல் தரம் நான் வண்டியையும் விழுத்திக்கொண்டு விழுந்தேன். பிறகு பழகிவிட்டது. பழகியது மட்டுமில்லை, கிழமை முழுக்க அந்த ஒரு சொல்லுக்காகவே காத்திருந்தேன். வெளியே நிற்கிறவனைத்தான் கூப்பிடுவார்கள். நான் உள்ளே போய்விட்டால் அவள் யாரைக் கூப்பிட வெளியே வருவாள்? அந்தப் பயத்தில்தான் நான் நின்றேன். ஆண்டவர் கூப்பிடுகிறார் என்று உன் அம்மா சொல்லும்போதெல்லாம், அவரே கூப்பிட்டாலும் என் மகள் கூப்பிடுவதை நான் இழக்க மாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆகவே, இனிக் கூப்பிட மாட்டேன் என்று நீ போனில் சொன்னபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று பார். ஒரு பிள்ளையின் கூப்பிடுதலைக் காப்பாற்ற நின்று மற்றப் பிள்ளையின் கூப்பிடுதலை இழக்கப் போகிறேன் என்று அப்போதுதான் விளங்கியது.

நீ போன் எடுத்ததற்கு இரண்டொரு நாள் கழித்துப் பின்னேரம் ஆதம்பாவா வந்தான். உனக்குத் தெரிந்தவன்தான், கல்முனைக்குடியில் இரண்டு படகு வைத்திருப்பவன். அவனுடைய இஞ்சின்களை நான்தான் பார்க்கிறேன். அவனுடைய பெண்சாதியையும் கடல்தான் கொண்டு போனது. அவளுடைய மையித்தும் கிடைக்கவில்லை. அப்போது கைக்குழந்தையாய்த் தப்பிய மகளுக்கு இப்போது கலியாணம், அதற்குச் சொல்ல வந்திருந்தான். நான் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்ன மச்சான், வெளிய நிப்பாட்டி வெச்சிரிக்காய்?"

"எங்கட வீட்டுல துடக்குக் கிடக்கு. உனக்குத் தெரியும்தானே. நாளைக்குக் கடைக்கு வந்து சொல்லன்."

"கடையில வந்து சொன்ன கலியாணம் ஒண்டுக்கும் நீ வரல்ல. கேற்றில நிண்டு சொன்னதுக்கும் வரல்ல. இது உம்மா இல்லாத புள்ளட கலியாணம். இண்டைக்கு நான் உள்ள வந்து இருந்துதான் சொல்லப் போறன்."

சொல்லிக்கொண்டே என்னை ஒரு தள்ளுத் தள்ளினான். செருப்பைக் கழற்றிவிட்டு விறாந்தையைக் கடந்து ஹோலுக்குள் போய்க் கதிரையில் சப்பணம் கட்டிக்கொண்டு இருந்தான். "தங்கச்சி, தேத்தண்ணி ஒண்டு தாங்க" என்று குசினிப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டான். உன் அம்மா எட்டிப் பார்த்து, என் முகத்தையும் பார்த்துவிட்டு, தேத்தண்ணீர் ஊற்றப் போனாள்.

"துடக்கு வீட்டுல பச்சத்தண்ணியும் குடிக்கக் கூடாதுடா" என்றேன்.

"உன்ட துடக்கு என்னில ஒட்டினா ஒட்டட்டும். எனக்கும்தான் மையித்துக் கிடைக்கல்ல. பள்ளியில மையித்து இல்லாமத்தான் ஜனாஸாத் தொழுதம். தொழுதுட்டு வெளிய வந்தா என்ட காலையே என்னால தூக்கேலாம இரிந்திச்சி. ஆனா மச்சான், அண்டைக்குத்தான் அவ மௌத்தானா. அதுக்கு முதல் அவளத் தேடித் தேடி நான்தான் மௌத்தாகிட்டு இரிந்தன்."

நான் இதுவரை யாரிடமும் கேட்காததை அவனிடம் கேட்டேன். "தொழுத பிறகு அவ உன்னக் கூப்பிடல்லையா?"

அவன் என்னைப் பைத்தியம் என்று பார்க்கவில்லை. தேத்தண்ணீரை ஊதி ஊதிக் குடித்தான். "முதல்ல கூப்பிட்டா. மறுகா இல்ல. இப்ப நான்தான் அவவக் கூப்பிடுற, தொழுதுட்டுக் கேக்குற துஆவில." பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, மகளின் கலியாணத்துக்கு நாளையும் நேரத்தையும் சொல்லி, நானும் உன் அம்மாவும் முதல் பந்தியில் இருக்க வேண்டும் என்று என் கையைப் பிடித்துக் கேட்டான். நான் வருகிறேன் என்றேன். பழக்கத்தில் வாயில் வருகிற வருகிறேன் இல்லை அது.

அவன் போன பிறகு உன் அம்மா கோப்பையைக் கழுவாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் மரத்தடிக் குரலைப் பற்றி அவளிடம் சொன்னேன். அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. "அவள் என்னட்ட ஒருநாளும் வரல்லியே" என்றாள். இத்தனை வருடம் பிள்ளையை நான் ஒருத்தனே வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பிறகு அவள் சொன்னாள்: "எங்கட ஆண்டவர் உங்களக் கேற்றில நிண்டு கூப்பிட்டுட்டுப் போறவர் எண்டா நினச்சீங்க? அவர் பிணமாக் கிடந்து எழும்பினவர். அவருக்கு என்ன துடக்கு? துடக்கு வீட்டுக்குள்ளதான் அவர் முதல்ல வாறவர்."

இதை உன் அம்மா வேறு விதங்களில் எத்தனையோ தரம் சொல்லியிருப்பாள். நான் காதில் போட்டதில்லை. ஆதம்பாவா இருந்துவிட்டுப் போன கதிரையைப் பார்த்துக்கொண்டு கேட்டபோதுதான் உள்ளே இறங்கியது. கடவுள் ஒரு பெரிய வீட்டில் சுத்தமாக உட்கார்ந்துகொண்டு, கழுவித் துடைத்துக்கொண்டு வா என்று ஆள் அனுப்புகிறவர் என்று எண்ணியிருந்தேன். அப்படி அழைப்பென்றால் என்னைப் போன்றவன் தள்ளி நிற்பதுதான் மரியாதை. ஆனால் கூப்பிட வருகிறவர் சாவைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டு என் வீட்டுக் கதிரையில் வந்து இருக்கிறவர் என்றால், நான் வெளியே நிற்பதற்குப் பெயர் மரியாதை இல்லை. அவரை வீட்டுக்குள் விட்டுவிட்டு நான் படலையில் நிற்கிறேன். உனக்கு நான் புத்தி சொல்வதானால் இதைத்தான் சொல்வேன். யாரையாவது கூப்பிடுவதென்றால் கடைசி என்று சொல்லிக் கூப்பிடாதே. போனிலும் கூப்பிடாதே. போய், அவர்களுடைய அழுக்கிலே உட்கார்ந்து, ஒரு வாய் தேத்தண்ணீர் குடித்துவிட்டுக் கூப்பிடு. உன்னை யாரும் கூப்பிட்டால் அடுத்த கிழமை என்று சொல்லாதே. எனக்கு அடுத்த கிழமைகள் எல்லாம் இருந்தன, கேட்டவள்தான் இல்லை.

நேற்றுப் பகல் தனியே சொறிக்கல்முனைக்குப் போனேன். கோயில் முற்றத்தில் ஒருவரும் இல்லை. வயல் பக்கம் அறுவடை மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வரவில்லை. மணி அடிக்காமல் அவள் வர மாட்டாள் என்று நினைத்துக்கொண்டு செருப்பைக் கழற்றினேன். படியில் கால் வைத்தேன். சட்டையைப் பின்னால் யாரோ பிடித்திருக்கிற உணர்வு. இந்த முறை உள்ளே இழுக்கவில்லை, வெளியே இழுத்தது. அது அவள் இல்லை என்று எனக்குத் தெரியும். அது நான்தான். உள்ளே பூச்சாடி அடுக்கிக்கொண்டிருந்த புதுப் பங்குச் சுவாமி திரும்பிப் பார்த்தார். இளம் ஆள், என்னைத் தெரியாது.

"சுவாமி, ஒரு பூசை வைக்கணும். ஞானஸ்நானத்துக்கு முதல் நாள், சனிக்கிழமை."

"ஆருக்கு, ஐயா?"

"மகளுக்கு."

"பேர்?"

நான் நின்றேன். அவர் பொறுமையான பிள்ளை, அவசரப்படுத்தவில்லை. "டிலானி" என்றேன். வெறும் கோயிலல்லவா, சுவர் அதை ஒருமுறை திருப்பிச் சொன்னது. நான் பின்னால் பார்த்துவிட்டேன்.

"மகள்ற சுகத்துக்கா, ஐயா? இல்ல, ஆன்ம இளைப்பாற்றிக்கா?"

அந்தச் சுவாமிக்கு அது ஒவ்வொரு நாளும் கேட்கிற கேள்வி. சுகத்துக்கு என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் வாய் உன்னியது. இத்தனை வருடமும் நான் வைத்துக்கொண்டிருந்த பதில் அதுதான். உன் அம்மாவின் முகம் வந்தது, நீ கதவுக்குப் பின்னால் நின்றது வந்தது. "இளைப்பாற்றிக்கு" என்றேன். சொன்னதும் கடைசி வாங்குப் பலகையில் இருந்துவிட்டேன். சுவாமி வந்து பக்கத்தில் இருந்தார். நான் ஞானஸ்நானம் எடுக்காதவன், சைவக்காரன், உள்ளே வரலாமா என்று பிறகுதான் கேட்டேன். அவர் சிரித்தார். "உள்ளுக்கு வந்து இருந்துட்டுத்தான் கேக்கிறீங்க, ஐயா" என்றார். நற்கருணை இப்போது வாங்க ஏலாதாம். விருப்பமென்றால் ஞானஸ்நானத்துக்கு மறை படிக்கலாமாம். இந்த வயதில் என்னைப் பாடம் பண்ண வைக்கப் போகிறார்கள், உன் அம்மா கொண்டாடுவாள். படிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பும்போது மரத்தடியில் மறுபடி நின்றேன். ஒன்றும் இல்லை. மனம் லேசானது என்றெல்லாம் எழுத மாட்டேன். பயமாகத்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது. இனி அவள் வரமாட்டாளோ என்ற பயம் ஒன்று, இத்தனை காலமும் வந்தது அவள்தானா என்ற பயம் ஒன்று. கூப்பிட்டவர் யாராயிருந்தாலும் கூப்பிட்ட இடம் உள்ளே. அதை மட்டும் பிடித்துக்கொண்டு வருகிறேன்.

வெள்ளிக்கிழமையே புறப்பட்டு வா. மருமகளையும் பிள்ளையையும் வீட்டுக்குள் கூட்டி வா, துடக்கு ஒன்றும் பார்க்க வேண்டாம். சனிக்கிழமைப் பூசைக்கு எனக்கு உன் பக்கத்தில் இடம் வை. எப்போது எழும்புவது, எப்போது முழந்தாளிடுவது என்று எனக்குத் தெரியாது, நீ செய்வதைப் பார்த்துச் செய்கிறேன். சுவாமி அவளுடைய பெயரை வாசிக்கும்போது நான் எழும்பி வெளியே போகப் பார்ப்பேன். விடாதே, மகன். என் கையைப் பிடித்து இருத்து.

அப்பா